ஏழைகளின் வரலாற்றாளர் அரசியலுக்கு வந்தபோது

கேள்வி இதுதான்: "பேராசிரியர்கள் அரசியலுக்கு வந்தால் பேசத்தான் தெரியும், காரியம் நடக்காது என்கிறார்கள். ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஜனநாயகத்துக்காக அரசியலில் இறங்கி, உருப்படியாக எதையாவது செய்துகாட்டியவர் யாராவது உண்டா?"

உண்டு, பலர் இருக்கிறார்கள். பிரேசிலின் அதிபரான கார்டோசோ சமூகவியல் பேராசிரியர். லைபீரியாவின் தற்காலிக அதிபராக இருந்த ஏமஸ் சாயர் அரசியல் அறிவியல் கற்பித்தவர். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் போலந்தின் வரலாற்றாளர் ப்ரோனிஸ்வாவ் கெரெமெக். கேள்வியில் "ஆராய்ச்சியை விட்டுவிட்டு" என்று இருக்கிறதே, அதில் எனக்கு உடன்பாடில்லை. கெரெமெக் ஆராய்ச்சியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் அரசியலுக்குப் போனார். அவர் சாதித்ததும் சறுக்கியதும் அதனால்தான் என்பது என் எண்ணம். அதனால் முதலில் அவர் என்ன படித்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

1932-ல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது குடும்பப் பெயர் லெவர்டோவ். ஜெர்மானியர்கள் வார்சா யூதர்களைச் சுவருக்குள் அடைத்தபோது இவருக்கு எட்டு வயது. 1943-ல் தாயும் இவரும் அந்தச் சுவரைத் தாண்டி வெளியே வந்தார்கள். தந்தை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். தாயையும் மகனையும் மறைத்து வைத்துக் காப்பாற்றிய ஸ்டெஃபான் கெரெமெக் பின்னாளில் அந்தத் தாயை மணந்துகொண்டார். பையனுக்கு வந்த பெயர் அவருடையது. கத்தோலிக்கச் சிறுவனாக வளர்ந்து, வார்சா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். 1950-ல், பதினெட்டு வயதில், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். இதை மறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. மறைக்கத் தேவையில்லை. போர் தரைமட்டமாக்கிய நாட்டில் அந்தக் கட்சி சொன்ன நியாயத்தை நம்பிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1968-ல் சோவியத் டாங்கிகளும் அவற்றோடு போலந்துப் படையும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தபோது, கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

நடுவே 1956 முதல் இரண்டு ஆண்டுகள் பாரிஸில் மேற்படிப்பு. ஃபெர்னாண்ட் ப்ரோடெல் முதலிய வரலாற்றாளர்கள் ராஜாக்களின் வரலாற்றை ஓரங்கட்டிவிட்டு விலைவாசி, விளைச்சல், சாமானியர்களின் மனநிலை என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கெரெமெக் எடுத்துக்கொண்ட பொருள், இடைக்கால பாரிஸில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களிலிருந்து இன்னும் கீழே இறங்கி, பிச்சைக்காரர்கள், நாடோடிகள், திருடர்கள், விலைமாதர்கள் என்று ஊர் ஓரத்துக்குத் தள்ளியவர்கள் எல்லாரையும் பற்றி எழுதினார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாழ்க்கை எந்த ஆவணத்தில் கிடைக்கும்? நீதிமன்றத்தில் கிடைக்கும். பாரிஸின் சாத்லே நீதிமன்றத்துக் குற்றப் பதிவேடு ஒன்று 1389 முதல் 1392 வரைக்கும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒருவன் பிடிபடுகிறான். எந்த ஊரில் பிறந்தான், என்ன தொழில் கற்றான், வேலை தேடி எங்கெல்லாம் அலைந்தான், எதைத் திருடினான் என்று சித்திரவதைக்குப் பிறகு சொல்கிறான். எழுத்தர் எழுதிக்கொள்கிறார். பெரும்பாலும் அந்தப் பக்கம் தூக்குமரத்தில் முடியும். இப்படிப்பட்ட பக்கங்களைப் புரட்டிப் புரட்டித்தான் கெரெமெக் ஒரு விஷயத்தைக் கண்டார். உழைப்பாளி வேறு, நாடோடி வேறு என்று சட்டம் கோடு போடுகிறது. வாழ்க்கையில் அந்தக் கோடு இல்லை. அறுவடைக் காலத்தில் கூலியாள், குளிர்காலத்தில் பிச்சைக்காரன், ஒரு நாள் பசி தாங்காமல் கைவைத்தால் திருடன். ஆள் ஒருவன்தான்.

பாரிஸில் செய்ன் நதிக்கரையில் கிரேவ் திடல் என்று ஓர் இடம் இருந்தது. இன்று அது நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் திடல். விடிகாலையில் கூலி வேலை தேடுகிறவர்கள் அங்கே வந்து நிற்பார்கள், ஆள் தேவைப்படுகிறவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். கெரெமெக்கின் ஆராய்ச்சியில் இந்தத் திடல் முக்கியமான இடம். பிரெஞ்சு மொழியில் வேலைநிறுத்தத்துக்கு இன்றும் 'கிரேவ்' என்றுதான் பெயர். அந்தத் திடலின் பெயர்தான் அது. வேலையில்லாமல் திடலில் நிற்பதைக் குறித்த சொல், பின்னால் வேலை செய்ய மறுத்து நிற்பதைக் குறிக்க வந்துவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1980 ஆகஸ்டுக்கு வாருங்கள்.

அதற்குமுன் ஒரே ஒரு படி. 1978-ல் கெரெமெக்கும் வேறு சில அறிஞர்களும் சேர்ந்து ஒரு கல்விச் சங்கம் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர முடியாத வரலாற்றையும் இலக்கியத்தையும் வீடுகளில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. மக்கள் இதைப் 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்றார்கள். ரஷ்யப் பேரரசின் கீழே வார்சா இருந்த காலத்தில் இதே போல் ரகசியமாக நடந்த வகுப்புகளின் பெயர் அது. மேரி கியூரி பெண்ணாக இருந்ததால் கல்லூரியில் சேர முடியாமல் படித்தது அந்த வகுப்புகளில்தான். எழுபதுகளில் போலீஸ் கதவைத் தட்டும், அடியாட்கள் கூட்டத்துக்குள் புகுந்து அடிப்பார்கள். அப்படியும் வகுப்புகள் நடந்தன.

சரி, 1980. ஜூலையில் இறைச்சி விலை ஏறியது. நாடு முழுக்க அங்கங்கே வேலைநிறுத்தம். ஆகஸ்ட் 14 அன்று க்டான்ஸ்க் நகரத்து லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை நின்றது. கிரேன் ஓட்டிய ஆன்னா வாலெந்தினோவிச் என்ற பெண்மணியை, ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கியதுதான் பொறி. லெக் வலேசா என்ற எலெக்ட்ரீஷியன் தலைமைக்கு வந்தார். வெளியே நின்ற ஊர்மக்கள் தளத்தின் இரண்டாம் எண் வாயிற்கதவின் கம்பிகளில் பூக்களைச் செருகினார்கள், போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தை மாட்டினார்கள், உள்ளே இருந்தவர்களுக்கு ரொட்டி கொடுத்தார்கள். ஒட்டுப்பலகையில் 21 கோரிக்கைகளைக் கையால் எழுதி வாயிலில் தொங்கவிட்டார்கள். முதல் கோரிக்கை, கட்சிக்கு அடங்காத சுதந்திரமான தொழிற்சங்கம். அந்தப் பலகைகளை யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வார்சாவில் 64 அறிவாளிகள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். தொழிலாளர்களோடு பேச்சு நடத்துங்கள், ரத்தம் சிந்தவேண்டாம் என்று அரசுக்கு வேண்டுகோள். பத்து ஆண்டுகளுக்குமுன், 1970 டிசம்பரில், இதே கடற்கரை ஊர்களில் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது. இந்தக் கடிதத்தைத் தளத்துக்கு எடுத்துவந்தவர்கள் இருவர்: கத்தோலிக்கப் பத்திரிகையாளர் ததெயுஷ் மசோவியெட்ஸ்கியும் கெரெமெக்கும். வலேசா கடிதத்தை வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். அரசு தரப்பில் படித்த நிபுணர்கள் வரப்போகிறார்கள், நாங்கள் தொழிலாளிகள், எங்களுக்கு உதவ முடியுமா என்றார். கடிதம் கொண்டுவந்த இருவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். தொழிலாளர் தரப்பு நிபுணர் குழு அமைந்தது. கெரெமெக்கின் அரசியல் வாழ்க்கை தொடங்கியது அங்கேதான். தேர்தல், பதவி, மேடை எதுவும் கிடையாது. கேட்டு, எழுதி, திருத்தி எழுதிக் கொடுக்கிற வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். கட்சியின் தலைமையை ஒப்புக்கொள்ளாமல் எந்த ஒப்பந்தத்திலும் அரசு கையெழுத்திடாது. ஒப்புக்கொண்டால் சங்கம் சுதந்திரமான சங்கமாக இருக்காது. 1976-ல் திருத்திய அரசியல் சட்டம் கட்சியை 'சமூகத்தின்' வழிகாட்டும் அரசியல் சக்தி என்று சொன்னது. க்டான்ஸ்க் ஒப்பந்தத்தில் வந்த வாசகம், கட்சிக்கு 'அரசில்' தலைமைப் பங்கு உண்டு என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. அரசு கட்சியினுடையது, சரி. சமூகம் அதற்கு வெளியே இருக்கிறது, சங்கம் சமூகத்தின் பக்கம் இருக்கிறது. பழைய பத்திரங்களில் ஒரு சொல் இடம் மாறினால் யாருக்கு எது போகும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

இதற்கு விலையும் இருந்தது. வலேசாவும் துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கியும் பேசியதை ஒலிபெருக்கியில் தளம் முழுக்கக் கேட்டார்கள். நிபுணர்கள் தனி அறையில் பேசியது அப்படிக் கேட்கவில்லை. இந்த விட்டுக்கொடுப்பைப் பிடிக்காத சமூகவியலாளர் யாத்விகா ஸ்டானிஷ்கிஸ் குழுவிலிருந்து விலகிப்போனார். தொழிலாளர்களிலும் சிலருக்கு இது உறுத்தியது. எனக்கு ஸ்டானிஷ்கிஸின் கோபம் புரிகிறது. ஆனால் அந்த வாசகம் இல்லாமல் ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்து விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிறந்தது சாலிடாரிட்டி என்ற சுதந்திரமான தொழிற்சங்கம். ஓர் ஆண்டுக்குள் சுமார் ஒரு கோடிப் பேர் அதில் இருந்தார்கள். 1981 இலையுதிர் காலத்தில் சங்கத்தின் முதல் தேசிய மாநாடு க்டான்ஸ்கில் நடந்தபோது, கொள்கைத் திட்டம் எழுதிய குழுவுக்குக் கெரெமெக் தலைவர்.

1981 டிசம்பர் 13 அன்று ஆட்சித் தலைவர் ஜெனரல் யருசெல்ஸ்கி ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். கெரெமெக் ஓராண்டு தடுப்புக்காவலில் இருந்தார். வெளியே வந்து, 1983-ல் மறுபடி கைதாகி, பொது மன்னிப்பில் வெளியே வந்தார். 1985-ல், போலந்து அறிவியல் கழகத்தில் அவர் பார்த்துவந்த ஆராய்ச்சி வேலையும் போயிற்று. வரலாற்றாளருக்கு வேலை போவது என்றால் சம்பளம் போவது மட்டுமில்லை. ஆவணக் காப்பகம், வெளிநாட்டுப் பயணம், மாணவர்கள் எல்லாமே சேர்ந்து போகும். ஆனாலும் எழுதினார். ஐரோப்பாவில் ஏழ்மையின் வரலாறு பற்றிய அவருடைய பெரிய நூல் அந்த ஆண்டுகளில் இத்தாலியிலும் பிரான்சிலும் வெளிவந்தது. சொந்த மொழியில் 1989-ல்தான் அச்சானது. தூக்குமரமா, இரக்கமா என்பது அதன் பிரெஞ்சுத் தலைப்பு. ஏழைகள்மீது ஒரு சமூகம் எப்போது இரக்கப்படுகிறது, எப்போது சாட்டையை எடுக்கிறது என்பதுதான் நூல் முழுக்க ஓடும் கேள்வி.

இனி 1989. பொருளாதாரம் படுத்துவிட்டது, 1988-ல் மறுபடி வேலைநிறுத்தங்கள், மாஸ்கோவில் கோர்பச்சேவ். சாலிடாரிட்டியோடு பேசுவதைத் தவிர அரசுக்கு வேறு வழி இல்லை. பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை வார்சாவில் வட்டமேசைப் பேச்சு. மேசை நிஜமாகவே வட்டமான மேசை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுற்றி உட்காரும் அளவுக்குப் பெரியது, அதற்கென்றே செய்தது. எதிரெதிரே உட்கார்ந்தவர்களில் பலர், சிறையில் போட்டவர்களும் சிறையில் கிடந்தவர்களும். அரசியல் சீர்திருத்தக் குழுவில் சாலிடாரிட்டி தரப்புக்குத் தலைமை தாங்கியவர் கெரெமெக். முட்டுக்கட்டை விழும்போதெல்லாம் வார்சாவுக்கு வெளியே மக்தலென்கா என்ற இடத்தில், உள்துறை அமைச்சகத்தின் மாளிகையில் சிலர் மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயும் அவர் இருந்தார். மக்தலென்காவில் நாட்டை விற்றுவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இன்றும் போலந்தில் இருக்கிறார்கள்.

என்ன விற்றார்கள், என்ன வாங்கினார்கள் என்று பார்ப்போம். கீழவையில் 460 இடங்கள். அதில் 65 சதவீதம் கட்சிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ஒதுக்கீடு. மீதி 161 இடங்களுக்குச் சுதந்திரமான போட்டி. இதை மட்டும் பார்த்தால் மோசமான பேரம். ஆனால் இதற்கு ஈடாகப் புதிதாக 100 இடங்கள் கொண்ட செனட் என்ற மேலவை, முழுக்க முழுக்கச் சுதந்திரமான தேர்தலோடு. அந்த யோசனையைச் சொன்னவர் அரசு தரப்பில் இருந்த இளம் அமைச்சர் க்வாஸ்னியெவ்ஸ்கி. கெரெமெக் தரப்பு உடனே பிடித்துக்கொண்டது. ஜூன் 4 அன்று வாக்குப்பதிவு. அதே நாளில் பெய்ஜிங்கில் மாணவர்கள்மீது ராணுவம் சுட்டுக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டு இந்தத் தேர்தலைப் பற்றிப் பேசக் கூடாது. எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய நேரம் அது. இரண்டு சுற்றும் முடிந்தபோது, போட்டியிட முடிந்த 161 இடங்களிலும் சாலிடாரிட்டி வென்றது. செனட்டில் நூறில் 99. கெரெமெக் வென்ற தொகுதி, லிதுவேனிய எல்லையை ஒட்டிய சுவாவ்கி. சாலிடாரிட்டி வேட்பாளர்கள் வலேசாவோடு நின்று எடுத்த படத்தைச் சுவரொட்டியில் போட்டுத்தான் ஓட்டுக் கேட்டார்கள்.

முதல் சுற்று முடிந்ததும் ஒரு சிக்கல். ஆளும் தரப்பின் பெரிய தலைகளுக்கென்று 35 பெயர் கொண்ட தேசியப் பட்டியல் ஒன்று இருந்தது. எதிர்த்துப் போட்டியிட ஆளே இல்லை, பாதி ஓட்டு வந்தால் போதும். மக்கள் பேனாவால் பெயர்களை அடித்துவிட்டார்கள். 33 பேர் தோற்றார்கள். சட்டப்படி அந்த இடங்களை நிரப்ப வழியே இல்லை. சாலிடாரிட்டி நினைத்திருந்தால் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றிருக்கலாம். ஆனால் கெரெமெக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார்கள். விதியை மாற்றி, அந்த இடங்களை ஆளும் தரப்புக்கே இரண்டாம் சுற்றில் விட்டுக்கொடுத்தார்கள். பெயரை அடித்துவிட்டு வந்த வாக்காளருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். இரண்டாம் சுற்றில் வாக்குப்பதிவு சுமார் 25 சதவீதத்துக்கு இறங்கியது. துப்பாக்கி இன்னும் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது, அவர்களை மூலைக்குத் தள்ளக் கூடாது என்பது கெரெமெக் தரப்பின் கணக்கு. நான் அதைச் சரியென்றே சொல்வேன். இரண்டு மாதத்தில் பலன் தெரிந்தது. ஆகஸ்ட் 24 அன்று மசோவியெட்ஸ்கி பிரதமரானார். சோவியத் முகாமில் நாற்பது ஆண்டுகளில் முதல் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமர். அந்தப் பதவிக்கு வலேசா யோசித்த பெயர்களில் கெரெமெக்கின் பெயரும் இருந்தது. அவர் நாடாளுமன்றத்தில் சாலிடாரிட்டி உறுப்பினர் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

இதற்குப் பிறகுதான் எனக்கு வருத்தம் தருகிற பகுதி. 1990 ஜனவரியில், நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு ஒரேயடியாக மாற்ற நிதியமைச்சர் பால்சரோவிச் போட்ட திட்டம் வந்தது. விலைக் கட்டுப்பாடு போயிற்று, மானியம் போயிற்று, ஆலைகள் தள்ளாடின, அதுவரை பெயரளவில் இல்லாதிருந்த வேலையின்மை லட்சக்கணக்கில் வந்தது. பணவீக்கம் கட்டுக்கு வந்தது, கடைகளில் பொருள் நிறைந்தது என்பதும் உண்மை. வேறு வழி இருந்ததா என்று பொருளியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் கிரேவ் திடலில் விடிகாலையில் நின்றவர்களைப் பற்றி எழுதியவர், இந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடித்த அணியில் முன்வரிசையில் இருந்தார். அந்த மனிதர்களிடம் போய் அவர்கள் மொழியில் பேச அந்த அணியால் முடியவில்லை. 1990 அதிபர் தேர்தலில் மசோவியெட்ஸ்கி, வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய டிமின்ஸ்கி என்ற யாரும் அறியாத தொழிலதிபருக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார். அந்தத் தேர்தலில் வென்று அதிபரான வலேசா, 1991-ல் அரசு அமைக்கக் கெரெமெக்கை அழைத்தார். துண்டு துண்டாகக் கிடந்த நாடாளுமன்றத்தில் அவரால் பெரும்பான்மை சேர்க்க முடியவில்லை. 1996-ல், சாலிடாரிட்டி பிறந்த அந்தக் கப்பல் தளமே திவாலானது. கேள்வி கேட்டவர் சொன்ன குற்றச்சாட்டில் உண்மை இருக்கிற இடம் இதுதான். மேசையில் உட்கார்ந்து எதிரியின் மனதைப் படிக்கத் தெரிந்தவருக்கு, வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த பழைய தோழரின் மனது எட்டவில்லை.

வெளியுறவில் அவர் கை ஓங்கியே இருந்தது. 1997 முதல் 2000 வரை பிரதமர் யெர்ஸி பூசெக்கின் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர். 1999 மார்ச் 12 அன்று அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில் உள்ள ட்ரூமன் நூலகத்தில், மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் போலந்து சேரும் பத்திரத்தை ஒப்படைத்தார். வாங்கிக்கொண்டவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட். பிராகில் பிறந்து, சிறுமியாக அங்கிருந்து தப்பிவந்தவர். வார்சா சுவரைத் தாண்டி வந்த பையனும் பிராகை விட்டு ஓடிவந்த சிறுமியும் இரண்டு நாட்டு அமைச்சர்களாக எதிரெதிரே நின்ற அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சும் அவர் காலத்தில்தான் 1998-ல் தொடங்கியது.

2001-ல் அவருடைய கட்சியான சுதந்திர ஒன்றியம் 5 சதவீத வரம்பைத் தாண்டாமல் நாடாளுமன்றத்தைவிட்டே வெளியேறியது. 2004-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். அங்கே அவைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு ஸ்பெயினின் ஜோசப் பொரெலிடம் தோற்றார்.

அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2007-ல் எடுத்தது. கம்யூனிஸ்ட் கால உளவுத்துறையோடு தொடர்பு இருந்ததா இல்லையா என்று பதவியில் இருப்பவர்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள் எல்லாரும் எழுதித் தர வேண்டும் என்று புதிய சட்டம் வந்தது. தராவிட்டால் பதவி போகும். கெரெமெக்குக்கு மறைக்க எதுவும் இல்லை. 2004 தேர்தலுக்கு முன்பே அப்படி ஓர் உறுதிமொழி கொடுத்திருந்தார். ஆனாலும் மறுபடி எழுதித் தர மாட்டேன் என்றார். குடிமக்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக வரிசையில் நிறுத்தும் சட்டத்துக்குத் தன் கையெழுத்து கிடையாது என்பது அவர் நிலை. அவருடைய இடம் காலி என்று தேர்தல் ஆணையம் சொன்னது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பல கட்சியினரும் அவருக்காகப் பேசினார்கள். மே மாதம் போலந்தின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அவர் பதவியில் நீடித்தார். குற்றப் பதிவேடுகளைப் படித்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். உளவுத்துறைக் கோப்பும் அந்த வகைக் காகிதம்தான், அதை யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் என்று கேட்காமல் ஒரு மனிதனை அதை வைத்து எடைபோடக் கூடாது என்பதை அவரைவிட நன்றாக யாரால் அறிந்திருக்க முடியும்?

2008 ஜூலை 13 அன்று மேற்குப் போலந்தில் ஒரு சாலை விபத்தில் இறந்தார். கார் ஓட்டிச் சென்றவர் அவரே. வயது 76. அரசு மரியாதையோடு வார்சாவில் அடக்கம் நடந்தது. ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுவே, வானம் பார்த்த பெரிய முற்றம் ஒன்று இருக்கிறது. கூரை இல்லாத அந்த முற்றத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவைக்குப் போகிறவர்களும் பார்வையாளர்களும் அதைக் கடந்துதான் நடக்கிறார்கள்.